காசியில் ஓர் அறை

தென்கிழக்காக ஓடிவரும் கங்கை, காசியை அடையும்போது வில்போல் வளைந்து வடக்கு நோக்கித் திரும்புகிறது. அவ்வளைவின் மேற்குக் கரையில்தான் பழைய நகரம் முழுவதும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. எதிர்க்கரையின் பெரும்பகுதி வெறும் மணல்வெளி. கதிரவன் அந்த மணலுக்கு மேலே எழுவதால், தெற்கே அசி முதல் வடக்கே ராஜ் காட் வரை 84 என்று எண்ணப்படும் படித்துறைகளும் விடியலின் முதல் ஒளியைத் தடையின்றி ஏற்கின்றன. வருணை, அசி என்னும் இரு சிற்றாறுகளுக்கு இடைப்பட்ட ஊர் என்பதால் வாரணாசி எனப் பெயர் வந்தது என்பர்.

இந்த அமைப்பு, காசிக்குச் செல்வோர்முன் ஒரு கேள்வியை வைக்கிறது. ஆற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் தங்குவது? தொடர்வண்டி நிலையத்தை ஒட்டிய புதிய பகுதியில் அகன்ற சாலைகளும் மின்தூக்கியும் வெந்நீரும் உள்ள விடுதிகள் இருக்கின்றன. ஆனால் ஆறு அங்கிருந்து நான்கைந்து கிலோமீட்டர். கோதோலியா நாற்சந்தியை நெருங்கும்போது வாகனங்கள் நின்றுவிடும். அதற்கப்பால் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள். மாடு வந்தால் இருவருமே ஒட்டி நிற்க வேண்டும். சந்துகளின் முடிவில், படித்துறைகளின் தலைமாட்டில், ஆற்றைப் பார்த்தபடி விடுதிகள் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கின்றன. அங்கே வாடகை அறைக்கன்று, சாளரத்துக்கு.

மயிலாடுதுறையைச் சேர்ந்த எழுபத்தொரு வயதுத் தாயும், சென்னையில் வங்கிப் பணியிலிருக்கும் அவருடைய மகளும் ஒரு தை மாதத்தில் காசிக்குப் புறப்பட்டபோது, இக்கேள்விக்கான விடையை மகள் முன்னரே முடிவு செய்திருந்தாள். தாய்க்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். ஆகவே நிலையத்துக்கு அருகில், மின்தூக்கியுள்ள விடுதி. அறையில் வெந்நீர், வாசலில் வண்டி, அழைத்தால் வரும் மருத்துவர். மகளின் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. தாயும் மறுப்புச் சொல்லவில்லை. “நீ பார்த்துச் செய்தால் சரி” என்றார்.

காசி அந்த வீட்டில் நெடுநாளாக ஒத்திவைக்கப்பட்ட பயணம். கணவர் ஓய்வு பெற்ற ஆண்டிலிருந்து ‘அடுத்த வருடம்’ என்றே சொல்லி வந்தார். ஐப்பசி மாதத்தில் கங்கையே காவிரியில் நீராட வருகிறாள் என்று நம்பும் ஊர் மயிலாடுதுறை. துலாக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு கங்கையைத் தேடி ஏன் போக வேண்டும் என்று அவர் வேடிக்கையாகக் கேட்பதும் உண்டு. தென்னாட்டார் இப்படிக் காசியைத் தம் ஊருக்கு வரவழைத்துக்கொள்வது புதிதன்று. அவ்வளவு தொலைவு போக முடியாதவர்களுக்காகத்தான் 15 ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் தென்காசியில் விசுவநாதருக்குக் கோயில் எடுத்தான். வேடிக்கை பேசியவருக்கும் உள்ளூர ஆசை இருந்தது. அந்த ஆசை நிறைவேறாமலே, முந்தைய மார்கழியில் அவர் மறைந்தார். அடுத்த வீட்டார் எப்போதோ காசியிலிருந்து கொண்டுவந்து தந்த, வாய் மூடிப் பற்றவைத்த சிறிய செப்புச் செம்பைக் கடைசி நேரத்தில்தான் உடைத்துத் திறந்தார்கள். ஒரு கரண்டி கங்கைநீர் உள்ளே இறங்கியது. காசி அவரைத் தேடி வந்தது அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. வடநாட்டுத் தைமாதப் பனிமூட்டத்தில் வண்டி பல மணிநேரம் தாமதமாகி, நள்ளிரவில்தான் போய்ச் சேர்ந்தது. மறுநாள் விடியலைப் படித்துறையில் காண வேண்டும் என்று இருவரும் நான்கரை மணிக்கே எழுந்தார்கள். பேட்டரி ரிக்சா கிடைக்கச் சிறிது நேரம். வழியில் சாலையை மறித்த தடுப்புக்காகச் சிறிது நேரம். கோதோலியாவில் இறங்கியபின், ஒவ்வொரு ஐம்பது அடிக்கும் நின்று நின்று தாய் நடந்ததில் நெடுநேரம். தசாசுவமேதப் படித்துறையை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. படகுக்காரர்களும் பூ விற்கும் சிறுமியரும் புகைப்படம் எடுப்போரும் நிறைந்திருந்த அந்தப் படிகளில் அமர இடம் தேடி, தாய் ஒரு குடையின்கீழ் உட்கார்ந்தார். கீழே இறங்கி நீரைத் தொட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, “ரூமுக்குப் போகலாமா?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் நாளும் ஏறத்தாழ இதே கதை. அன்று மாலை, தாயின் பையில் கம்பளிச் சால்வையைத் தேடிய மகளின் கையில் துணியில் சுற்றிய ஒரு பொருள் தட்டுப்பட்டது. வாய் உடைந்த அந்தச் செப்புச் செம்பு. மகள் அதைப் பற்றி எதுவும் கேட்காமல் மறுபடி சுற்றி வைத்தாள். மறுநாள் காலை, ஆற்றுக்கு அருகில் வேறு இடம் பார்க்கத் தனியாகப் புறப்பட்டாள்.

காசியில் தமிழர் தங்கிய வரலாறு நீளமானது. அதற்கு எதிர்த்திசைப் பயணமும் உண்டு. மணிமேகலையில் வரும் ஆபுத்திரனின் தாய் சாலி, வாரணாசியிலிருந்து குமரியில் நீராடுவதற்காகத் தெற்கே நடந்து வந்தவள். தெற்கிலிருந்து வடக்கே சென்றோர் கணக்கற்றோர். ஏனுகுல வீராசாமி என்னும் அறிஞர் 1830 மே 18 அன்று சென்னையிலிருந்து பெருங்கூட்டத்துடன் புறப்பட்டு, 1831 செப்டம்பரில்தான் வீடு திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய பயணக் குறிப்புகள் பின்னர் நூலாயின. போய்வர ஓராண்டுக்கு மேல் ஆகும் பயணத்தில் தங்குமிடம் என்பது வசதியைப் பற்றிய பேச்சாக இருந்திருக்காது. எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே கள்வர் பயமில்லை, தன் மொழி பேசும் ஒருவர் எங்கே இருப்பார் என்பதே அன்றைய கேள்வி.

மொழி கிடைக்கும் இடங்களைத் தமிழர் அங்கே தாமே உண்டாக்கிக்கொண்டனர். 17 ஆம் நூற்றாண்டில் திருவைகுண்டத்துக் குமரகுருபரர் காசிக்குச் சென்று, கேதாரக் கட்டத்தில் மடம் நிறுவினார். அம்மடத்தின் வழிவந்ததே திருப்பனந்தாள் காசி மடம். நகரத்தார் 1863 ஆம் ஆண்டில் கோதோலியாவுக்கு அருகில் சத்திரம் அமைத்தனர். விசுவநாதரின் பூசைக்குரிய பொருள்கள் ‘சம்போ’ என்னும் முழக்கத்துடன் அச்சத்திரத்திலிருந்து நாள்தோறும் எடுத்துச் செல்லப்படுவது இன்றும் காசியில் காணத்தக்க காட்சி. தந்தையை இழந்த பாரதி, 1898 இல் அத்தை குப்பம்மாளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அனுமன் கட்டத்துக்குத்தான். 1902 வரை அங்கே வாழ்ந்து வடமொழியும் இந்தியும் பயின்றார். தலைப்பாகையும் மீசையும் காசி அவருக்குத் தந்தவை. இவ்விடங்கள் எல்லாம் பணத்துக்கு அறை விடும் இடங்களாகத் தொடங்கியவை அல்ல. போனவர், வருபவரை நினைத்துச் செய்து வைத்தவை.

மகள் அன்று பார்த்த முதல் இடம் ஆற்றை நோக்கிய விடுதி. நான்காம் மாடி அறையின் சாளரத்தைத் திறந்ததும் கங்கை முழுவதும் உள்ளே வந்துவிட்டதுபோல் இருந்தது. படகுகள், மணல்வெளி, அதற்கு மேலே பனியில் கரைந்த வட்டக் கதிரவன். அவள் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினாள். அறையிலிருந்து தெருவுக்கு 71 படிகள். தாயின் வயதும் அதுவே என்பது நினைவுக்கு வந்தபோது அவளுக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. அந்தச் சாளரத்தருகே உட்கார வைத்தால் அம்மா நாள் முழுவதும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஆற்றுக்குப் போக மாட்டாள்.

அடுத்துச் சென்ற சத்திரத்தில் சாம்பார் மணமும் கோலமும் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெருங்கூட்டமும் இருந்தன. தரைத்தளத்து அறைகள் யாவும் நிரம்பியிருந்தன. வழியில், வயது முதிர்ந்தோர் தம் இறுதி நாள்களைக் கழிப்பதற்கென்றே வந்து தங்கும் இல்லம் ஒன்றையும் அவள் கடந்து சென்றாள். காசியில் உயிர் பிரிந்தால் பிறப்பு அறும் என்ற நம்பிக்கையால் அப்படிப்பட்ட இல்லங்கள் அங்கே உண்டு. வரவேற்பறை என்று ஒன்று இல்லை, திண்ணை. திண்ணையில் ஒரு குடும்பம் தேநீர் அருந்திக்கொண்டு, யாரோ ஒருவரின் மூச்சுக்காகக் காத்திருந்தது. உள்ளே அழுகை இல்லை. தங்குமிடம் தேடி அலையும் பெண்ணாகவே அவளையும் எண்ணி, அங்கிருந்த முதியவர் ஒருவர் தலையசைத்து வழி காட்டினார்.

கேதாரக் கட்டத்துக்கும் அனுமன் கட்டத்துக்கும் இடைப்பட்ட சந்துகளில் தென்னாட்டார் குடியிருப்பு மிகுதி. கடைப் பலகைகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் தென்படும். விசுவநாதர் கோயிலைச் சுற்றியிருந்த நெருக்கமான கட்டடங்கள் அகற்றப்பட்டு, 2021 டிசம்பரில் ஆற்றுவரை பெருவழி திறக்கப்பட்ட பிறகு, பழைய காசியின் இறுக்கத்தைக் காண விரும்புவோர் இத்தகைய சந்துகளுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் ஓர் அறை கிடைத்தது. ஒரு கட்டில், ஒரு பாய், முற்றத்தில் பொதுவான குளியலறை. வீட்டுக்கார அம்மாள் பல தலைமுறைக்கு முன் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தினர். அவருடைய தமிழில் இந்திச் சொற்கள் நிறைந்திருந்தன. ஆனால் இன்று தஞ்சையிலேயே வழக்கொழிந்த சில சொற்களும் இருந்தன. சாளரம் சந்தைப் பார்த்தது. ஆறு தெரியாது. சந்தின் முனையில் திரும்பினால் படித்துறையின் மேற்படி, அவ்வளவே.

ஒரே ஒரு தயக்கம் இருந்தது. அனுமன் கட்டத்தை அடுத்து வடக்கே இருப்பது அரிச்சந்திர கட்டம். மணிகர்ணிகையைப் போலவே இரவும் பகலும் சிதை எரியும் துறை. காற்று திரும்பினால் புகை சந்துக்குள் வரும் என்று வீட்டுக்கார அம்மாளே சொல்லிவிட்டார். கணவர் போய் ஓராண்டு முடிந்து சில வாரங்களே ஆன ஒருவரை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதா? மகள் முன்பணம் கொடுக்காமல் திரும்பினாள்.

விடுதியில், பார்த்த இடங்களை எல்லாம் தாயிடம் வரிசையாகச் சொன்னாள். சாளரத்தையும் 71 படிகளையும் சொன்னாள். கடைசி அறையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. “அது வேண்டாம் அம்மா. பக்கத்திலேயே சுடுகாடு.”

தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த இடத்தில் வாசலுக்கும் தெருவுக்கும் எத்தனை படி?” என்று கேட்டார்.

“ஒன்றுதான்.”

“அப்படியானால் அங்கேயே போகலாம்.”

அன்று மாலையே இடம் மாறினார்கள். மின்தூக்கி உள்ள விடுதியில் இரண்டு நாளுக்கு முன்கூட்டியே கட்டிய பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி மகள் தாயிடம் சொல்லவும் இல்லை.

மறுநாள் விடியுமுன் மகள் கண்விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது. முற்றத்திலும் ஆள் இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் சந்தில் ஓடினாள். பனிமூட்டத்தில் தெருவிளக்குகள் மஞ்சள் திட்டுகளாகத் தெரிந்தன. ஒரு நாள் முழுவதும் கைபிடித்து நடத்திச் சென்றபோது நூறடிக்கு இருமுறை நின்ற முழங்கால்கள், இப்போது யாரையும் எழுப்பாமல் தாமே நடந்து போயிருந்தன.

தாய் மேற்படியில், சுவரில் சாய்ந்து, சால்வையைத் தலைவரை போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவர் ஆற்றைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் தலையைத் திருப்பி, அரிச்சந்திர கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிதை பெரும்பாலும் எரிந்து அடங்கியிருந்தது. மற்றொன்றில் இப்போதுதான் தீ பிடித்திருந்தது. நீண்ட மூங்கிலால் ஒருவர் விறகைத் தள்ளிக்கொடுத்தார். சற்றுத் தள்ளி ஒரு நாய் சாம்பலின் சூட்டில் சுருண்டு கிடந்தது. இறந்தவரின் உறவினர்போலத் தோன்றிய நான்கைந்து ஆடவர் தேநீர்க் குவளைகளுடன் நின்றிருந்தனர்.

“அம்மா, உள்ளே வந்துவிடேன். இதையெல்லாம் ஏன் பார்க்கிறாய்?”

“அன்றைக்கு என்னைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள்” என்றார் தாய். அவர் குரலில் குறை இல்லை. ஒரு செய்தியைச் சொல்வதுபோல் இருந்தது. “நாற்பத்தாறு வருடம் அந்த மனிதர் எங்கே போனாலும் என்னிடம் சொல்லாமல் போனதில்லை. கடைசியில் எங்கே கொண்டுபோனார்கள், என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர்கள் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் கூடாது என்றார்கள்.”

பெண்கள் சுடுகாட்டுக்குச் செல்லலாகாது என்னும் வழக்கம் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் இன்றும் இருக்கிறது. அவர்கள் மனம் தாங்காது என்று காரணமும் சொல்லப்படுகிறது. தாங்குமா தாங்காதா என்று எவரும் அவர்களைக் கேட்டதில்லை. மகளும் அன்று தெருமுனையில், தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான். அவளுக்கும் எதுவும் தெரியாது. பிறகு அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.

அவள் தாயின் அருகில் உட்கார்ந்தாள். இரண்டாவது சிதை நன்றாகப் பற்றி எரியத் தொடங்கியது. முகம் தெரியாத ஒருவருக்காக இருவரும் அது அடங்கும்வரை பார்த்திருந்தார்கள். அதற்கு ஏறக்குறைய மூன்று மணிநேரம் ஆயிற்று. இடையில் கதிரவன் மணல்வெளிக்கு மேலே வந்ததும், படகுகள் கிளம்பியதும், வீட்டுக்கார அம்மாள் இரண்டு டம்ளர்களில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதுவும் பேசாமல் திரும்பிச் சென்றதும் நடந்தன. கடைசியில், ஓர் இளைஞர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மண்குடத்து நீரைத் தோளுக்குப் பின்னால் சிதைமீது வீசிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார்.

“இவ்வளவுதானா!” என்றார் தாய்.

அதன்பின் காசியில் இருந்த நான்கு நாளும் அவர் தனியாகவே படித்துறைக்குப் போய்வந்தார். மகள் அவரோடு எழுந்து செல்வதில்லை. விழித்தபடியே பாயில் படுத்திருப்பாள். ஒரு படியைத் தாண்டும் ஓசையும், செருப்பு சந்தில் தேயும் ஓசையும் கேட்கும். வீட்டுக்கார அம்மாளின் பேரன் துணைக்கு நின்ற ஒரு காலையில், சுவரைப் பிடித்தும் உட்கார்ந்தும் கடைசிப் படிவரை இறங்கி, கணுக்கால் நனைய நின்றார் என்று பிற்பாடு தெரிந்தது. விசுவநாதரைத் தரிசித்ததும் சாரநாத்துக்குப் போய்வந்ததும்கூட அந்த நான்கு நாளில்தான். ஊருக்குத் திரும்பியபின் அவற்றைப் பற்றித் தாய் அதிகம் பேசவில்லை.

புறப்படும் நாளன்று செம்பில் கங்கைநீர் நிறைந்திருந்தது. உடைந்த வாயைச் சீர்செய்து மூடிப் பற்றவைக்க வேண்டும். கேதாரக் கட்டத்துச் சந்தில், பாத்திரக் கடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்குப் புதிதாகவே ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று இந்தியில் சொன்னார். தாய் தலையசைத்து மறுத்தார். இந்த நீர் யாருக்காக என்று மகள் கேட்கவில்லை; விடை அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் கடைக்காரரின் முகத்தையும் பார்க்காமல் சந்தின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாய் அவள் கையைத் தட்டினார்.

“அவரிடம் இந்தியில் சொல். ஒழுகாமல் நன்றாகப் பற்றவைக்கட்டும். இன்னும் ரொம்ப வருடம் தாங்க வேண்டும்.”